பைக்கின் முன் பிரேக் பேட் 20,000 கிலோமீட்டரில் முடிந்தது, டிஸ்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

தார்ச்சாலை:

வண்டி 20,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. 150 சிசி, முன்னாலும் பின்னாலும் ஒற்றை டிஸ்க். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் முன் பேட் முடிந்துவிட்டது, டிஸ்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். பேட் தேய்கிற சாமான், புரிகிறது. டிஸ்கை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் "கோடு விழுந்திருக்கு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விரலால் தடவினால் லேசான வரி தட்டுப்படுகிறது. பிரேக் பிடித்தால் லிவரில் உதறல் இல்லை, சத்தமும் இல்லை.

இரண்டு சந்தேகம். பேட் சாதாரணமாக எவ்வளவு தூரம் உழைக்கும்? எத்தனை செட் பேட்டுக்கு ஒருமுறை டிஸ்கை மாற்றுவது வழக்கம்?

மேட்டுவழி:

20,000 நல்ல உழைப்புதான். எனக்கு முன் பேட் 12,000 ஓடினாலே பெரிய விஷயம். தினமும் மலை இறக்கம், பாதிப் பாதை பிரேக்கில் கை வைத்தபடியேதான் இறங்க வேண்டும். ஆனால் டிஸ்க் வண்டியோடு வந்ததுதான், இன்னும் மாற்றவில்லை.

நெடுவழி:

நான் எதிர்ப்பக்கம். பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். 35,000 வாக்கில்தான் முன் பேட்டை மாற்றினேன், அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிஸ்க் ஆயுள் முழுக்க வரும் என்றே நினைக்கிறேன். விற்கப் பார்க்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

ஸ்பேனர்14:

ஒருவர் 12,000 என்கிறார், இன்னொருவர் 35,000 என்கிறார். இரண்டும் உண்மை, இரண்டும் கேள்வி கேட்டவருக்கு உதவாது. ஒரே மாடல், ஒரே பேட், ஓட்டுகிற ஆள் மட்டும் வேறு என்றால் ஆயுள் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும். 15,000 முதல் 30,000 வரை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லலாம், பலருக்கு அதற்குள் வந்துவிடும். அதை வைத்து வண்டியைக் கழற்றாமல் முடிவெடுக்க முடியாது.

கிலோமீட்டரை விடுங்கள், தடிமனைப் பாருங்கள். புதுப் பேட்டில் இரும்புத் தகட்டின்மேல் இருக்கும் உராய்வுப் பொருள் சுமார் 4 முதல் 5 மி.மீ. இருக்கும். அதில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் ஓரத்தில் படி மாதிரி ஒரு வெட்டு. பள்ளம் மறைகிற அளவுக்குத் தேய்ந்தால் பேட்டின் கதை முடிந்தது. கம்பெனிக் கையேடுகள் பலவற்றில் எல்லை 1 மி.மீ., சிலவற்றில் 0.8, சிலவற்றில் 1.5. நான் 2 மி.மீ. வந்தாலே மாற்றச் சொல்லிவிடுவேன். காரணம், வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கத்துப் பேட். மறுபக்கம் அதைவிட மோசமாக இருக்கலாம். அதோடு பொருள் மெலிய மெலிய சூட்டைத் தடுக்க ஒன்றும் இருக்காது, பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் நேராக ஏறிவிடும்.

டிஸ்குக்கு வருவோம். பேட் கணக்கு வைத்து டிஸ்கை மாற்றுகிற வழக்கம் எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. டிஸ்கின் உள்வட்டத்திலோ அதைத் தாங்கும் கைகளிலோ ஆங்கிலத்தில் 'மின் டிஎச்' என்று பொறித்துப் பக்கத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள். குறைந்தபட்சத் தடிமன் அதுதான். 4 மி.மீ. டிஸ்க் என்றால் பெரும்பாலும் 3.5 என்றிருக்கும், 4.5 டிஸ்குக்கு 4, 5 டிஸ்குக்கு 4.5. சுருக்கமாக, தேய அனுமதிப்பது அரை மில்லிமீட்டர்தான். அந்த எண்ணுக்குக் கீழே போனால் கோடே இல்லாமல் கண்ணாடி போல இருந்தாலும் மாற்றியாக வேண்டும். மேலே இருந்தால், வரி இருந்தாலும் ஓட்டலாம்.

தார்ச்சாலை, "கோடு விழுந்திருக்கு" என்று சொன்னவரிடம் "அளந்தீங்களா, எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் அவரை நம்பலாம்.

தார்ச்சாலை:

நன்றி அண்ணா. இப்போதே போய்ப் பார்த்தேன். டிஸ்கில் 3.5 என்று பொறித்திருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தால் 4.0 காட்டுகிறது. அப்படியானால் துளிகூடத் தேயவில்லையா? நம்ப முடியவில்லை.

ஸ்பேனர்14:

நம்பாதது சரி. டிஸ்கின் வெளி விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய கரை ஒன்று நிற்கும். பேட் டிஸ்கின் கடைசி ஓரம்வரை படுவதில்லை, அதனால் அங்கே தேயாது. வெர்னியரின் தாடை நேராக இருப்பதால் அந்தக் கரையின்மேல் உட்கார்ந்துகொண்டு புது டிஸ்கின் அளவையே காட்டும். மைக்ரோமீட்டர் வேண்டும். அதன் முனை சிறியது, கரையைத் தாண்டிப் பேட் உரசுகிற பாதையில் உட்காரும். சுற்றி ஆறேழு இடத்தில் அளந்து, எது மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோமீட்டர் இல்லையென்றால், ஒரே தடிமனுள்ள இரண்டு சிறிய நாணயங்களைக் கரைக்கு உள்ளே இருபுறமும் வைத்து வெர்னியரால் பிடித்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடலாம். துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:

மேட்டுவழிக்கு ஏன் 12,000, நெடுவழிக்கு ஏன் 35,000 என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆளும் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 96 கிலோஜூல். 50 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் 24 தான். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்கு. 1.2 கிலோ எடையுள்ள ஒரே டிஸ்க் முழுவதையும் வாங்கிக்கொண்டால் முதல் நிறுத்தத்தில் அதன் வெப்பம் ஏறத்தாழ 170 டிகிரி ஏறும், இரண்டாவதில் 40 சொச்சம். நடைமுறையில் பின் பிரேக்கும் காற்றும் கொஞ்சம் பங்கு வாங்கும், போகட்டும்.

இப்போது மலை. அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 1,200 கிலோஜூலுக்கு மேல். 100-லிருந்து 12, 13 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஆற விடாமல் ஒரே மூச்சில். மேட்டுவழி தினமும் இதைச் செய்கிறார். நெடுவழி 90-ல் போனாலும் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம்.

மேட்டுவழி:

அப்போ என் பேட்டைக் குறை சொல்லி உபயோகமில்லை என்கிறீர்கள்!

கணக்குப்பிள்ளை:

கியரைக் குறை சொல்லலாம். இறக்கத்தில் மேல் கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கிலேயே தொங்கினால் முழுப் பளுவும் பேட்டுக்கு. இரண்டு கியர் குறைத்து இறங்கினால் கணிசமான பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். லேசாகப் பிடித்தபடியே நீண்ட நேரம் வருவதைவிட, கொஞ்சம் ஓடவிட்டு, அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுவது நல்லது. விட்ட நேரத்தில் டிஸ்க் காற்றில் ஆறும்.

வெள்ளிச்சக்கரம்:

யாரும் பேட்டின் வகையைப் பற்றிப் பேசவே இல்லையே? சின்டர்ட் போட்டால் பேட் நிறைய நாள் வரும், ஆனால் டிஸ்கைத் தின்றுவிடும் என்கிறார்கள். ஆர்கானிக் போட்டால் டிஸ்க் பிழைக்கும், பேட் சீக்கிரம் போகும். டிஸ்க் விலை அதிகம் என்பதால் ஆர்கானிக்தான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

பழையஇரும்பு:

பாதி சரி. சின்டர்ட் என்பது செம்பு, வெண்கலம் போன்ற உலோகத் தூள்களை அழுத்திச் சுட்டுக் கெட்டியாக்கியது. ஆர்கானிக் என்பது நார்களைப் பிசின் வைத்துப் பிணைத்தது. சின்டர்ட் கடினமானது, சூட்டைத் தாங்கும், மழையிலும் பிடிக்கும். டிஸ்கைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும், உண்மைதான். ஆனால் கம்பெனியே சின்டர்ட் போட்டு அனுப்புகிற வண்டிகள் ஏராளம். அந்த டிஸ்கின் எஃகை அதற்குத் தகுந்தமாதிரிதான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அங்கே ஆர்கானிக் போட்டு டிஸ்கைக் காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டால் பிரேக்கின் குணமே மாறிவிடும்.

கொஞ்சம் பழைய கதை. 1969-ல் ஹோண்டா சிபி 750 வந்தபோதுதான் பெருமளவில் தயாராகும் வண்டியில் முன் டிஸ்க் பிரேக் சாதாரண ஆளின் கைக்கு வந்தது. துருப்பிடிக்கக் கூடாது என்று டிஸ்கை ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்தார்கள். பார்க்க அழகு. மழை பெய்தால் அந்தக் காலத்துப் பேட்டோடு சேர்ந்து லிவரைப் பிடித்ததற்கும் வண்டி கேட்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி, வயிற்றைக் கலக்கும். அதற்கு முன் இருந்த வார்ப்பிரும்பு டிஸ்க் துருப்பிடிக்கும், ஆனால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். சின்டர்ட் பேட் பரவலானதற்கு இந்த மழைத் தொல்லை ஒரு முக்கியக் காரணம். அதனால் வெறும் ஆயுளை வைத்து வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய வார்ப்பிரும்பு டிஸ்க் வைத்திருப்பவர் சின்டர்ட் பக்கமே போக வேண்டாம், அங்கே வெள்ளிச்சக்கரம் சொல்வது நூற்றுக்கு நூறு.

வெள்ளிச்சக்கரம்:

பேட்டின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்குமே, எச்எச், ஜிஎஃப் என்று. எச்எச் என்றால் சின்டர்ட், நீண்ட ஆயுள் என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

பழையஇரும்பு:

அது ஆயுளைச் சொல்வதே இல்லை. உராய்வு எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. முதல் எழுத்து குறைந்த சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் அதற்கும் மேலே. சின்டர்ட் பேட்டுகளில் எச்எச் அதிகம் காணப்படும், அதனால் வந்த குழப்பம். எச்எச் முத்திரையோடு ஆர்கானிக் வகைப் பேட்டும் உண்டு.

ஸ்பேனர்14:

வகைச் சண்டை ஓயாது, அது இருக்கட்டும். என் அனுபவத்தில் டிஸ்கைக் கொல்வது சின்டர்டோ ஆர்கானிக்கோ கிடையாது. பேட் முழுசாகத் தேய்ந்து, பின்னாலிருக்கும் இரும்புத் தகடு டிஸ்கில் உரசுகிறபோதுதான் கொலை நடக்கிறது. 'கர்ர்ர்' என்று அரைக்கிற சத்தம் வரும். பல வருஷம் உழைக்க வேண்டிய டிஸ்க், அந்தச் சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டினாலே பள்ளம் பள்ளமாகிவிடும். சரியான நேரத்தில் பேட் மாற்றினால் ஒரு டிஸ்க் மூன்று நான்கு செட் பேட்டைப் பார்ப்பது சாதாரணம்.

அடுத்த கொலையாளி ஜாம் ஆன காலிபர், அதாவது பேட்டுகளைத் தாங்கி டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட் மாற்றுகிறபோது இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். லிவரைப் பிடித்தால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிபர் மொத்தமும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி மறுபக்கத்துப் பேட்டையும் இழுத்து அழுத்தும். பின்களில் கிரீஸ் காய்ந்து துரு ஏறிவிட்டால் காலிபர் வழுக்காது. பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் வேலை செய்யும். கழற்றிப் பார்த்தால் ஒன்று 1 மி.மீ., இன்னொன்று 3 மி.மீ. என்று இருக்கும். ஒரே பேட் மேலே தடிமனாகவும் கீழே மெலிந்தும் ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தாலும் பின்களையே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, பிஸ்டன் திரும்பாமல் நிற்பது. பிஸ்டனை உள்ளே இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், லிவரைப் பிடிக்கும்போது லேசாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிரும். அந்த மயிரிழை அசைவில்தான் பேட் டிஸ்கை விட்டு விலகுகிறது. பிஸ்டனில் அழுக்கும் துருவும் ஏறினால் சீலால் இழுக்க முடியாது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் தெரியும், ஒரு சுற்றுகூடப் போகாமல் நின்றால் விஷயம் இருக்கிறது.

புதுப் பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பிரேக் தூளும் மண்ணும் கறுப்பாகப் படிந்திருக்கும். அப்படியே தள்ளினால் அத்தனையும் சீலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் பழைய பல் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வைத்துப் பளபளவென்று துடைத்துவிட்டு, பிறகு தள்ளுங்கள். தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூக்குக்குள் போகும். பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சக்கரத்துக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் அங்கே இருக்கும் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

புதுவரவு:

இந்த இழையைப் படித்துவிட்டு என் வண்டியைப் பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு வந்திருக்கிறது. ஒழுகல் எங்கும் தெரியவில்லை. ஊற்றி நிரப்பிவிடலாமா?

ஸ்பேனர்14:

நிரப்பாதீர்கள் தம்பி, முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். இது இயல்பான விஷயம், பேட் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஒருவகை அறிகுறியும்கூட. இப்போது நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனைத் தள்ளினால் ஆயில் வழிந்து டேங்க் பெயின்ட்டில் விழும். பெயின்ட் உரிந்துவிடும். பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

டப்பா மூடியில் ஆயிலின் தரம் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். டாட் 5 மட்டும் வேறு ஜாதி, சிலிக்கான். மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதற்குப் பக்கம், சங்கதியில் டாட் 4-இன் உறவு.

கணக்குப்பிள்ளை:

ஆயிலைப் பற்றி ஒரு வரி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் தாங்க வேண்டிய அளவு 155 தான். மேலே போட்ட மலைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற அக்கறையில் பாதியை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதில் காட்டினால் போதும்.

மிதிகட்டை:

எனக்கு நேர்மாறான பிரச்சினை. பின் பேட்தான் முன் பேட்டைவிடச் சீக்கிரம் போகிறது. முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்யும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன்?

நெடுவழி:

கால் பெடலின்மேல் ஓய்வெடுக்கிறதா? சிலர் ஓட்டும்போது வலது கால் விரல் பெடலிலேயே கிடக்கும், பின்னால் வருகிறவருக்கு பிரேக் விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

பழையஇரும்பு:

அது ஒன்று. வேறு காரணங்களும் உண்டு. பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற வண்டிகளில் பலர் பெடலை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள், பின் பேட் சீக்கிரம் போகத்தான் செய்யும். பின் டயருக்கும் செயினுக்கும் பக்கத்தில் இருப்பதால் மண்ணும் சேறும் அங்கேதான் அதிகம் விழும். பெரும்பாலும் பின் பேட்டின் தடிமனும் பரப்பும் குறைவு. எல்லாம் சரியாக இருந்தும் தேய்ந்தால் பெடலுக்கு விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா அசைகிற இடைவெளி, இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை ரொம்ப மேலே தூக்கி வைத்து பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அழுத்தியபடி விட்டுவிட்டால், ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துளை அடைபட்டு, பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டே போகும். ஓட்டிவிட்டு வந்து பின் டிஸ்குக்குப் பக்கத்தில் கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். பிரேக்கே பிடிக்காமல் வந்தும் அனல் அடித்தால் இதுதான்.

மிதிகட்டை:

பெடலில் விளையாட்டே இல்லை! விரலால் தொட்டாலே பிடிக்கிறது. நன்றி அண்ணே, நாளைக்குக் கழற்றுகிறேன். நெடுவழிக்கும் நன்றி, கால் விஷயம் அறவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

தார்ச்சாலை:

நண்பர் ஒருவரிடம் மைக்ரோமீட்டர் கிடைத்தது. மிகக் குறைந்த இடத்தில் 3.88. கரை இருந்தது, அண்ணா சொன்னது போலவே. கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டும், இன்னும் எவ்வளவு ஓடும்?

கணக்குப்பிள்ளை:

புதிதில் 4.0 என்று வைத்தால் 20,000 கிலோமீட்டரில் 0.12 தேய்ந்திருக்கிறது. எல்லைக்கு இன்னும் 0.38. இதே ஓட்டம், இதே வகைப் பேட் என்றால் இன்னும் 60,000 சொச்சம். கோட்டைக் காட்டிப் பயமுறுத்தினார்கள், அவ்வளவுதான்.

பேட்டுக்கும் இதே வழி. பாதித் தேய்வில் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 4.5 மி.மீ. இருந்தது 10,000-ல் 3 ஆகியிருந்தால், 2-க்கு வர இன்னும் 6,000, 7,000 இருக்கிறது.

ஸ்பேனர்14:

பேட் மட்டும் போடுங்கள். காலிபரில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், முன்னால் இரட்டை டிஸ்க் உள்ளவர்கள் இரண்டு காலிபரிலும். டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள், புதுப் பேட்டின் முகத்தைக் கையால் தொடாதீர்கள். போட்டதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவர் கெட்டிப்படும்வரை பல தடவை அமுக்குங்கள். தள்ளிவிட்ட பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை லிவர் வெறுமனே உள்ளே போகும், அப்படியே சாலையில் இறங்கியவர்கள் உண்டு.

முதல் 200, 300 கிலோமீட்டர் பழக்க வேண்டும். மிதமான வேகத்திலிருந்து மிதமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, ஆற விட்டு, மறுபடியும். புதுப் பேட் உங்கள் டிஸ்கின் வரிகளுக்கு ஏற்ப உட்கார்ந்துகொள்ளும்வரை முழுப் பிடிப்பு வராது. அந்தச் சமயத்தில் முன்னால் போகிறவருக்குக் கூடுதல் இடம் விட்டு ஓட்டுங்கள்.

மேட்டுவழி:

இதோடு இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். இறக்கம் முடிந்து சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பிய பிறகு, மெதுவாகப் பிடிக்கும்போது லிவர் துடிக்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பழையஇரும்பு:

வளைவென்று முடிவு கட்டுவதற்கு முன் படிவைப் பாருங்கள். கொதிக்கிற டிஸ்கைப் பேட்டால் இறுக்கிப் பிடித்தபடி நின்றால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது பிடிப்பு மாறும், லிவர் துடிக்கும். பேட் அளவுக்குக் கறுத்த அடையாளம் தெரிகிறதா பாருங்கள். நடுத்தர எமரித்தாளால் இருபுறமும் தேய்த்துக் கிளீனரால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். இறக்கத்தின் அடியில் நிற்கும்போது முடிந்தால் பின் பிரேக்கால் மட்டும் பிடித்து நில்லுங்கள்.

போகவில்லை என்றால், கோணலை முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். கோணல் எவ்வளவு வரை பரவாயில்லை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் 0.3 மி.மீ. வரை விடுவார்கள், சிலர் அதில் பாதியைக்கூட ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் கையேட்டில் இருப்பதே கணக்கு. அளப்பதற்கு முன் சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேரிங் ஆட்டத்தை டிஸ்க் கோணல் என்று நினைத்து டிஸ்க் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரம்காரன்:

டிஸ்க் இல்லாத ஏழைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். பின்னால் ட்ரம், கழற்றாமல் ஷூ தேய்வைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஸ்பேனர்14:

உங்களுக்குத்தான் இருப்பதிலேயே சுலபம். பிரேக் தண்டு மாட்டியிருக்கும் கையின் அடியில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பக்கத்தில் மூடித்தகட்டில் ஒரு குறி. பெடலை முழுசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அம்பு குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. எல்லா வண்டியிலும் இருக்காது, பெரும்பாலானவற்றில் இருக்கும். ட்ரம்மின் உள்ளேயும் அதிகபட்ச விட்டத்தைப் பொறித்திருப்பார்கள், வழக்கமாகப் புது அளவைவிட 1 மி.மீ. கூட. ஷூ மாற்றும்போது அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

வெள்ளிச்சக்கரம்:

கடைசியாக ஒன்று. என் முன் டிஸ்க் இரண்டு துண்டாக, நடுவில் பொத்தான் மாதிரி ரிவெட் போட்டது. கையால் ஆட்டினால் கொஞ்சம் அசைகிறது, கரடுமுரடான பாதையில் கிலுகிலு என்கிறது. தடிமன் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பழையஇரும்பு:

அசைவதற்காகவே செய்த டிஸ்க் அது. சூட்டில் விரிவதற்கும், இரண்டு பேட்டுக்கும் நடுவில் தானாகச் சரியாக உட்காருவதற்கும் அந்த இடம் வேண்டும். பக்கவாட்டில் லேசான அசைவும் சத்தமும் இருக்கலாம். சுற்றுகிற திசையில் ஆட்டம் இருந்தால்தான் பொத்தான்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு டிஸ்கை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். 'டக் டக்' என்று தெளிவாக இடித்தால், தடிமன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். போல்ட்டையும் புதுசாகவே வாங்குங்கள், மரையில் லாக் பசை போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். புது டிஸ்குக்குப் பழைய பேட்டைப் போடாதீர்கள், பழைய டிஸ்கின் வரி அப்படியே அதில் இருக்கும்.